வீட்டில் சிஎன்சி பூட்டுவது எப்படி: சட்டகம் முதல் முதல் வெட்டு வரை

கணினி சொல்படி பொருளை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தின் உதிரிகள் அடங்கிய கிட் பெட்டியைப் பிரித்ததும் பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது மோட்டாருக்கும் கன்ட்ரோலர் போர்டுக்கும்தான். கம்பியை மாட்டி ஒருமுறை சுழலவிட்டுப் பார்க்கும் ஆசை இயல்பானது. கொஞ்சம் பொறுங்கள். இந்த இயந்திரத்தின் துல்லியத்தில் பெரும்பங்கு நீங்கள் முறுக்குகிற போல்ட்டுகளைத்தான் நம்பியிருக்கிறது. சட்டகம் கோணலாக இருந்தால் எந்த மென்பொருளாலும் அதை நிமிர்த்த முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, சரி என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள். முதலில் சட்டகம், அப்புறம் கையால் தள்ளினாலே வழுக்கிப் போகும் அச்சுகள், அப்புறம் மின்சாரம், அப்புறம் பேனாவால் சோதனை வரைவு. வெட்டும் பிட் கடைசியில்தான். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால், பின்னால் வருகிற கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கே முழு இயந்திரத்தையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

எந்த அளவு இயந்திரம்

முதல் இயந்திரம் சின்னதாக இருக்கட்டும். 3018 என்ற பெயரில் வரும் கிட்டுகள் தொடங்குவதற்கு ஏற்றவை. 300க்கு 180 மி.மீ. வேலைப்பரப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு மீட்டர் பலகையைச் செதுக்கும் ஆசை இருந்தாலும் அதை இரண்டாவது இயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது வளைகிற அளவு எட்டு மடங்காகிறது. அதை ஈடுகட்டத் தடித்த சட்டம், தடித்த தண்டவாளம், பெரிய மோட்டார், பெரிய பவர் சப்ளை என்று ஒன்று மாற்றி ஒன்று கூடிக்கொண்டே போகும்.

உதிரிகளைத் தனித்தனியாக வாங்கிச் சொந்தமாக வடிவமைப்பதும் நல்ல வழிதான். முதல்முறைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிட்டில் துளைகளாவது ஒன்றோடொன்று பொருந்தும். கற்றுக்கொள்ள வேண்டிய மற்ற விஷயங்களுக்கு மூளையில் இடம் மிஞ்சும்.

உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு பார்வை. அலுமினியம் புரொஃபைல்கள் சட்டகம் ஆகின்றன. அச்சுகள் வழுக்கிப் போக உருண்டைக் கம்பியும் லீனியர் பேரிங்கும், அல்லது புரொஃபைலின் பள்ளத்தில் ஓடும் வி-வீல் சக்கரங்களும் இருக்கும். மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றுவது லீட் ஸ்க்ரூ. மோட்டார்கள் பெரும்பாலும் நீமா 17 ரக ஸ்டெப்பர், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழல்பவை. அந்தப் 17, முகப்பின் அளவு 1.7 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. பிட்டைச் சுழற்றுவது ஸ்பிண்டில். இவற்றையெல்லாம் ஆட்டிவைப்பது கன்ட்ரோலர் போர்டு. எண்களால் கட்டுப்படுத்தும் மில்லிங் இயந்திரத்தை எம்ஐடி 1952இல் இயக்கிக் காட்டியபோது அதன் கட்டுப்பாட்டுப் பகுதி வெற்றிடக் குழாய்களாலும் ரிலேக்களாலும் ஆனது. இன்று ஆர்டுவினோ உனோவில் இருக்கும் ஒற்றைச் சில்லு மூன்று அச்சுகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிடுகிறது. வீட்டில் இதைச் செய்ய முடிவதே அதனால்தான்.

பூட்டுவதற்கு முன்

தேவையான கருவிகள் அதிகமில்லை. நல்ல ஆலன் கீ செட், சின்ன ஸ்பேனர்கள், மூலைமட்டம், வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர், அளவுநாடா. இவற்றில் காலிப்பரிலும் மூலைமட்டத்திலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மூலைமட்டமே சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது சுலபம். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள், திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரி. விரிந்தால், அந்த விரிசலில் பாதி உங்கள் மூலைமட்டத்தின் பிழை.

சட்டகத்தைப் பூட்டத் தட்டையான இடம் வேண்டும். தடித்த கண்ணாடித் தட்டு, கிரானைட் பலகை போன்றவை மிக நல்லது. வளைந்த மேசையில் வைத்துப் பூட்டினால் அந்த வளைவு அப்படியே சட்டகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

லீட் ஸ்க்ரூக்களையும் உருண்டைக் கம்பிகளையும் அதே தட்டையான பரப்பில் உருட்டிப் பாருங்கள். சீராக உருண்டால் நேராக இருக்கிறது. தட்டித் தட்டி உருண்டாலோ, அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தாலோ அது வளைந்தது. பூட்டுவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

சட்டகம்

போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் போடுங்கள். எதையும் இறுக்க வேண்டாம். நான்கு பக்கமும் சேர்ந்த பிறகு, தட்டையான பரப்பில் வைத்து மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை தூக்குகிறதா? அப்படியானால் சட்டகம் முறுகியிருக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு காலும் படியும்படி உட்கார வைத்து, அந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அடுத்து செங்கோணம். சிறிய சட்டகத்துக்கு மூலைமட்டம் போதும் என்று தோன்றும். மூலைவிட்டங்களை அளப்பது அதைவிட நம்பகமானது. எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு தூரங்களும் சமமாக வரவேண்டும். 100 மி.மீ. சதுரம் ஒன்று வெறும் 1 மி.மீ. சரிந்தால் அதன் மூலைவிட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.4 மி.மீ. வித்தியாசம் வரும். பிழை பெரிதாகிக் காட்டப்படுவதால் சாதாரண அளவுகோலிலேயே பிடிபட்டுவிடும். நீளமான மூலைவிட்டம் எதுவோ அதன் இரு மூலைகளையும் உள்நோக்கி மெல்லத் தள்ளி, மறுபடி அளந்து, சமமானதும் இறுக்குங்கள். இறுக்கும்போதே சட்டகம் நகரும். அதனால் ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அளந்து பாருங்கள்.

அளந்து தளர்த்தி மறுபடி அளப்பது சலிப்பாக இருக்கும். ஆனால் இங்கே செலவழிக்கும் ஒரு மாலைப்பொழுது, பிற்பாடு மூலை சேராத பெட்டிகளையும் கோணலான எழுத்துகளையும் தவிர்த்துவிடும். இந்தக் கட்டத்தில் யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள்.

அச்சுகளும் லீட் ஸ்க்ரூவும்

சட்டகம் முடிந்ததும் அச்சுகளை மாட்டுங்கள். லீட் ஸ்க்ரூவை இன்னும் கோக்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு அச்சும் வெறும் விரல் தள்ளலில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் பிடிக்கிறது, முனையில் இறுகுகிறது என்றால் இரண்டு தண்டவாளங்களும் இணையாக இல்லை. ஒரு தண்டவாளத்தை நிலையாக இறுக்கிவிட்டு மற்றதைத் தளர்த்துங்கள். வண்டியை ஒரு முனைக்குக் கொண்டுபோய் அந்த முனையை இறுக்கி, மறு முனைக்குக் கொண்டுபோய் அதையும் இறுக்குங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தண்டவாளத்துக்கு வண்டியே காட்டிக்கொடுக்கும்.

சக்கர வகை என்றால் ஒரு பக்கச் சக்கரங்களில் மையம் விலகிய நட்டு இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் புரொஃபைலை நெருங்கும் அல்லது விலகும். வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசான தடையோடு வழுக்கிச் சுற்றினால் அளவு சரி. சும்மா சுற்றினால் தளர்வு, சுற்றவே முடியாவிட்டால் மிகை இறுக்கம். அந்தச் சக்கரம் சீக்கிரம் தேயும்.

இப்போது லீட் ஸ்க்ரூ. இங்கேயும் அதே முறைதான். நட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்வாக விட்டு, வண்டியை மோட்டார் பக்க முனைக்கு நெருக்கமாக நகர்த்தி அந்தப் பக்கத்து பேரிங்கை இறுக்குங்கள். பிறகு மறு முனைக்கு நகர்த்தி அங்குள்ள பேரிங்கை இறுக்குங்கள். நட்டின் திருகுகளைக் கடைசியாக இறுக்கி, ஸ்க்ரூவைக் கையால் முழு நீளத்துக்கும் சுற்றிப் பாருங்கள். கை உணர்கிற தடை எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இருக்கிற ஒவ்வொரு இறுக்கமும் பின்னால் மோட்டார் தவறவிடும் ஸ்டெப்பாக மாறும்.

மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைப்பது கப்ளர். அதன் குட்டித் திருகுகளில் ஒன்று மோட்டார் தண்டின் தட்டையான பகுதியில் உட்கார வேண்டும். உருண்டைப் பகுதியில் உட்கார்ந்தால் என்றைக்காவது வழுக்கும். இந்தத் திருகுகள் அதிர்வில் தளர்வதில் பேர்போனவை. திருகுப் பிடிப்புப் பசை ஒரு துளி போடுங்கள், நிரந்தரமாக ஒட்டுகிற வகை வேண்டாம். நீளவாக்கில் வருகிற தள்ளலைக் கப்ளரோ மோட்டாரோ தாங்கும்படி விடாமல், பேரிங் தாங்கும்படி அமையுங்கள்.

நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். திசை மாறும்போது மோட்டார் சுற்றினாலும் வண்டி சிறிது தாமதித்தே நகரும். இதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள். இரண்டு நட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த வகை நட்டு கிட்டில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். பேக்லாஷ் இருந்தால் வட்டம் வட்டமாக வராது.

மின்சாரம்

இந்தப் பகுதியில் நிதானம் இரட்டிப்பாக வேண்டும். பவர் சப்ளையின் ஒரு பக்கம் வீட்டு மின்சாரம், மறுபக்கம் பெரும்பாலும் 24 வோல்ட். வீட்டு மின்சாரம் நுழையும் முனைகளை மூடி போட்டு மறையுங்கள், கம்பி இழுபடாதபடி கிளிப் போடுங்கள், எர்த் கம்பியை விடாதீர்கள். உலோகச் சட்டகத்தையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். சப்ளையின் பக்கவாட்டில் உள்ளீட்டு வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ப இருக்கிறதா பாருங்கள். மின்வேலையில் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு பகுதியைத் தெரிந்தவரை வைத்துச் செய்வதில் தவறே இல்லை.

போர்டில் மாட்டுவதற்கு முன் சப்ளையைத் தனியே ஓட்டி மல்டிமீட்டரில் வோல்டேஜையும் பிளஸ், மைனஸையும் உறுதிசெய்யுங்கள். தலைகீழாக மாட்டினால் போர்டு அந்த நொடியே போய்விடும். இன்னொரு விதியும் மனப்பாடமாக வேண்டும். மின்சாரம் ஓடும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் கம்பியைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சில்லு எரிந்துபோக அதுவே போதும்.

ஸ்டெப்பரில் நான்கு கம்பிகள், இரண்டு சுருள்கள். எந்த இரண்டு ஒரு ஜோடி என்பது நிறத்தை வைத்துத் தெரியாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மோட்டார் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது ஏதாவது இரண்டு கம்பிகளைத் தொட்டு வைத்துக்கொண்டு தண்டைச் சுற்றுங்கள். சட்டென்று இறுகினால் அவை ஜோடி. ஜோடி மாறி மாட்டினால் மோட்டார் சுற்றாமல் அதிர்ந்துகொண்டு உறுமும். எதிர்த்திசையில் சுற்றினால் கவலை வேண்டாம், ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும்.

அடுத்தது டிரைவரின் மின்னோட்ட வரம்பு. மோட்டார் தாங்கும் அளவைவிடச் சற்றுக் குறைவாக அதை வைக்க வேண்டும். ஏ4988 டிரைவரில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அந்தத் திருகுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள வோல்டேஜ்தான் வரம்பைத் தீர்மானிக்கிறது. கணக்கு இது: வோல்டேஜ் = 8 × மின்னோட்டம் × உணர் ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தை அளக்க டிரைவர் போர்டில் இருப்பது) மதிப்பு. ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். அதே 0.1 ஓமோடு வரும் டிஆர்வி8825 டிரைவரில் 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட். ரெசிஸ்டர் மதிப்பு போர்டுக்குப் போர்டு வேறுபடும், எனவே உங்களுடையதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள். மோட்டார் வெதுவெதுப்பாக ஆவது சகஜம். தொட்டதும் கையை எடுக்கும் அளவுக்குச் சுட்டால் வரம்பைக் குறையுங்கள்.

கம்பிகளைப் போகிற போக்கில் கட்டாதீர்கள். ஸ்பிண்டில் கம்பி மிகுந்த மின்னிரைச்சலை எழுப்பும். அச்சு எல்லையைத் தொட்டதும் சேதி சொல்லும் லிமிட் சுவிட்ச் கம்பிகளையும் யுஎஸ்பி கம்பியையும் அதிலிருந்து தள்ளி, தனிப் பாதையில் கொண்டுபோங்கள். வேலை நடுவே கணினித் தொடர்பு அறுவது, யாரும் தொடாமலே லிமிட் சுவிட்ச் அலறுவது என்று புதியவர்களைத் திணறடிக்கும் பல பிரச்சினைகளுக்கு இந்த இரைச்சலே காரணம். குட்டையான யுஎஸ்பி கம்பி, ஃபெரைட் வளையம், கவசமிட்ட கம்பி மூன்றும் உதவும். கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு சேருங்கள். லிமிட் சுவிட்ச்களை இயல்பில் மூடியிருக்கும் முறையில் இணைப்பது என் விருப்பம். கம்பி அறுந்துபோனால்கூட இயந்திரம் நின்றுவிடும். அப்படி இணைத்தால், போர்டில் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் $5 அமைப்பையும் மாற்ற வேண்டும்.

அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அது மென்பொருளுக்குச் சேதி அனுப்புவதோடு நிற்காமல், மோட்டார்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். கணினி உறைந்து நிற்கும் நேரத்தில்தானே அது தேவைப்படும்.

முதல் அசைவு

பொழுதுபோக்கு இயந்திரங்களில் மிகப் பரவலாக இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஜிஆர்பிஎல். சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய திறமூலத் திட்டம் அது. கிட்டுகளின் போர்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஏற்றப்பட்டே வரும். கணினியில் யூனிவர்சல் ஜிகோடு சென்டர் (Universal Gcode Sender), கேண்டில் போன்ற இலவச நிரல் ஒன்றை நிறுவி, 115200 என்ற தொடர்பு வேகத்தில் இணையுங்கள். $$ என்று அனுப்பினால் எல்லா அமைப்புகளையும் பட்டியலிட்டுக் காட்டும். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

முக்கியமானவை $100, $101, $102. ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை ஸ்டெப் என்பதை இவை எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்குச் சொல்கின்றன. கணக்கு எளிது. வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும். டிரைவர் ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரித்தால் 3200. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தினால் 3200ஐ 4ஆல் வகுக்க 800. 8 மி.மீ. விட்டமுள்ள அதே டி8 ஸ்க்ரூ ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தும் வகையாகவும் வரும், அப்போது 400. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், ஸ்க்ரூவில் ஒரு கோடு போட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நட்டு எவ்வளவு நகர்ந்தது என்று காலிப்பரில் அளந்துவிடுங்கள்.

வேக வரம்பு $110 முதல் $112 வரை, முடுக்கம் $120 முதல் $122 வரை. இரண்டையும் தாழ்வாகத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 500 மி.மீ., முடுக்கம் 10 என்று வைத்து, எல்லாம் சரியாக ஓடிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

திசையில் புதியவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. எக்ஸ் கூடினால் கருவி வலப்பக்கம், ஒய் கூடினால் உங்களைவிட்டு விலகி, இசட் கூடினால் மேலே. இது பொருளோடு ஒப்பிட்டால் பிட் எப்படி நகர்கிறது என்பதற்கான விதி. 3018 போன்ற இயந்திரங்களில் ஒய் அச்சில் நகர்வது மேசைதான். ஆகவே ஒய் கூடும்போது மேசை உங்களை நோக்கி வர வேண்டும். அதைப் பார்த்து, திசை தப்பு என்று மாற்றிவிட்டால் எழுத்துகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக வரும். உண்மையிலேயே தலைகீழாக ஓடினால் $3 அமைப்பில் திருத்தலாம்: எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4, தேவையானவற்றைக் கூட்டி எழுதுங்கள்.

பேனாவால் ஒரு நாள்

பலரும் தாண்டிப்போகும் இந்தக் கட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டுங்கள், சற்று மேலும் கீழும் அசைந்துகொடுக்கும்படி ரப்பர் வளையத்தால். மேசையில் தாளை ஒட்டி, 100 மி.மீ. பக்கமுள்ள சதுரம், அதன் மூலைவிட்டங்கள், உள்ளே ஒரு வட்டம், ஓரத்தில் ‘க’ என்ற எழுத்து ஆகியவற்றை வரையச் சொல்லுங்கள். எதுவும் உடையாது, தெறிக்காது, ஆனால் இயந்திரத்தின் குறைகள் அத்தனையும் தாளில் வந்துவிடும்.

‘க’ கண்ணாடிப் பிம்பமாக வந்தால் ஏதோ ஓர் அச்சின் திசை தவறு. சதுரம் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் ஸ்டெப் கணக்கோ, ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிப்பது என்று டிரைவருக்குச் சொல்லும் ஜம்பர் முனையோ தவறு. மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால் எக்ஸும் ஒய்யும் செங்கோணத்தில் இல்லை, திரும்பவும் சட்டகத்துக்குப் போக வேண்டியதுதான். வட்டத்தின் மேல், கீழ், இட, வல முனைகளில் தட்டையாகவோ சின்னப் படியாகவோ தெரிந்தால் பேக்லாஷ்; அந்த நான்கு இடங்களில்தான் ஓர் அச்சு திசை மாற்றுகிறது. பாதி வரைந்த பிறகு மொத்தப் படமும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டிருக்கிறது அல்லது கப்ளர் திருகு வழுக்கியிருக்கிறது. படம் முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

அளவு 100க்குப் பதிலாக 99.6 என்று வந்தால் உடனே $100ஐத் திருத்தக் கை பரபரக்கும். வேண்டாம். பற்சக்கர பெல்ட் ஓட்டும் இயந்திரத்தில் அது நியாயமான திருத்தம். லீட் ஸ்க்ரூவில் கணக்கிட்டு வந்த எண்ணில் அவ்வளவு பெரிய பிழை இருப்பது அரிது. பெரும்பாலும் பேக்லாஷோ, அளக்கும் முறையோ, பேனா முனையின் ஆட்டமோதான் காரணம். எண்ணை மாற்றிக் குறையை மறைத்தால் இன்னோர் அளவில் அது வேறு விதமாக வெளிப்படும்.

ஸ்பிண்டில் நிமிர்வும் பலியாகும் பலகையும்

ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதை மாட்டி, பிட்டைக் கவ்வும் கோலெட்டில் எல் வடிவில் வளைத்த கெட்டியான கம்பி ஒன்றைப் பிடியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி, கம்பி முனை மேசையை முன், பின், இடம், வலம் நான்கு இடங்களிலும் எவ்வளவு இடைவெளியில் கடக்கிறது என்று பாருங்கள். டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. 100 மி.மீ. விட்டத்தில் 0.1 மி.மீ.க்குள் வித்தியாசம் வந்தால் மரவேலைக்குத் தாராளம். சாய்வு இருந்தால் ஸ்பிண்டில் பிடிக்குப் பின்னால் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

பிறகு மேசைமேல் ஒரு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைத் திருகி, அதன் மேற்பரப்பு முழுவதையும் அகலமான பிட்டால் அரை மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். பிட் பொருளைத் தாண்டி இறங்கினால் மேசைக்குப் பதிலாக இந்தப் பலகை வெட்டுப்படும். அதைவிடப் பெரிய பயன், இனி அதன் பரப்பு உங்கள் இயந்திரத்தின் நகர்வோடு ஒத்துத் தட்டையாக இருக்கும். ஸ்பிண்டில் நிமிர்வைச் சரிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள்.

முதல் வெட்டு

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எம்டிஎஃப் தூள் நுரையீரலுக்குக் கெடுதி, அதனால் முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் வேண்டும். கையுறை போடாதீர்கள், சுழலும் பிட்டில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். நீண்ட முடி, தொங்கும் கயிறு, தளர்ந்த சட்டைக்கை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இயந்திரம் ஓடும்போது அறையைவிட்டுப் போகவே கூடாது. மழுங்கிய பிட் மரத்தைத் தேய்த்துக் கனல் உண்டாக்கினால், அது தூளில் விழுந்து தீப்பிடிக்க அதிக நேரமாகாது.

பிட்டை மாட்டுவதில் ஒரு முறை உண்டு. ஈஆர்11 கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, ‘டக்’கென்று உட்காரவைத்து, அதற்குப் பிறகே நட்டை ஸ்பிண்டிலில் திருக வேண்டும். கோலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகினால் பிட் மையத்தில் நிற்காது. பிட் இல்லாமல் நட்டை இறுக்கவும் கூடாது. தொடக்கத்துக்கு 3.175 மி.மீ. தண்டுள்ள, இரண்டு வெட்டுவிளிம்பு கொண்ட எண்ட் மில் போதும். நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில உடையும்.

முதல் பொருள் நுரைப்பலகை, அடுத்து மென்மையான மரம். பொருள் துளியும் அசையக் கூடாது. கிளாம்ப் போடலாம், ஆனால் பிட்டின் பாதையில் அது குறுக்கிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பலகைக்கு ஓர் அருமையான வழி: பலகையின் அடியிலும் எம்டிஎஃப் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் குளூ. வேலை முடிந்ததும் டேப்போடு உரித்துவிடலாம்.

வடிவத்தை இங்க்ஸ்கேப்பிலோ ஃப்ரீகேடிலோ வரைந்து, வெட்டும் பாதையாக மாற்றி, ஜிஆர்பிஎல்லுக்கான ஜி-கோடாக, அதாவது இயந்திரம் படிக்கும் கட்டளை வரிகளாக, எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள். ஜி21 இருந்தால் மில்லிமீட்டர், ஜி20 இருந்தால் அங்குலம். எம்3 ஸ்பிண்டிலை ஓட்டும், எம்5 நிறுத்தும். இந்த நாலு சொல் தெரிந்தாலே பல விபத்துகள் முன்கூட்டியே கண்ணில் படும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: ஸ்பிண்டில் சுற்று × வெட்டுவிளிம்புகள் × ஒரு விளிம்பு எடுக்கும் சீவலின் தடிமன். 10,000 × 2 × 0.03 என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. சின்ன இயந்திரத்தில் ஆழத்தை ஒரு தடவை வெட்டுக்கு அரை மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பிறகு எண்களைவிடச் சீவலைக் கவனியுங்கள். சுருள் சுருளாகவோ துண்டுகளாகவோ சீவல் வந்தால் பிட் வெட்டுகிறது. மாவு போலத் தூள் வந்து கருகல் வாசனை அடித்தால் தேய்க்கிறது. அப்போது வேகத்தைக் குறைப்பது தவறு. நகர்வு வேகத்தைக் கூட்ட வேண்டும் அல்லது சுழற்சியைக் குறைக்க வேண்டும். கீச்சென்று கத்தி இயந்திரம் நடுங்கினால் மட்டும் ஆழத்தைக் குறையுங்கள்.

இசட் சுழியம், அதாவது பிட் பொருளின் மேற்பரப்பைத் தொடும் உயரம் வைக்க, ஸ்பிண்டிலை நிறுத்தி, பொருள்மேல் ஒரு தாளை வைத்து, பிட்டை 0.1 மி.மீ. அளவில் இறக்கிக்கொண்டே தாளை அசையுங்கள். தாள் லேசாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. என்று கணக்கில் கொள்ளலாம். வெட்டுவதற்கு முன், இசட்டைத் தற்காலிகமாக 10 மி.மீ. உயர்த்தி வைத்து, முழு நிரலையும் காற்றில் ஓட்டிப் பாருங்கள். கிளாம்பில் மோதுமா, எல்லைக்கு வெளியே போகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு இசட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அவசரப் பொத்தான்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள்.

முதல் சில மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாப் போல்ட்டுகளையும் கப்ளர் திருகுகளையும் ஒருமுறை சாவி போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். லீட் ஸ்க்ரூவில் ஒட்டிய தூளைத் துடைத்து, தூளைப் பிடித்துவைக்கும் கெட்டிக் கிரீஸைத் தவிர்த்து, உலர் வகை மசகு போடுங்கள். பேனாவால் வரைந்த அந்தத் தாளில் தேதி எழுதி வைத்திருந்தால், சில மாதங்கள் கழித்து அதே படத்தை மறுபடி வரையவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.